பாக்ஸிங் டே: கொடுத்தவர்களின் நாளா, கேட்டவர்களின் நாளா?

கேள்வி, 18 டிசம்பர் 2024

கிறிஸ்துமஸுக்கு மறுநாளை இங்கிலாந்தில் ஏன் பாக்ஸிங் டே என்கிறார்கள்? அந்தக் காலத்துப் பண்ணையார்கள் விருந்தில் மிஞ்சியதைப் பெட்டியில் கட்டி வேலைக்காரர்களுக்குக் கொடுத்த நாளாம், அதனால் இந்தப் பெயராம். முதலாளிகளின் பெரிய மனசைக் கொண்டாடும் நாள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியில் முடித்திருந்தார்கள். உண்மையா?

18 டிசம்பர், இரவு

குத்துச்சண்டை இல்லை, பெட்டிதான். அதுவரை சரி. ஆனால் எந்தப் பெட்டி என்பதில்தான் எனக்குத் தகராறு.

நான் 14 வருடமாக இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நர்ஸ். வந்த புதிதில் எனக்கும் வார்டில் இதே கதையைத்தான் சொன்னார்கள். பெரிய வீடுகளில் சமையலாள், வண்டிக்காரர் எல்லாரும் 25ஆம் தேதி எஜமானுக்காக உழைத்துவிட்டு, 26ஆம் தேதி கையில் ஒரு பெட்டியோடு சொந்த ஊருக்குப் போவார்கள் என்று. அப்படி நடந்த வீடுகள் இருந்திருக்கும். ஆனால் கிறிஸ்துமஸ் பாக்ஸ் என்ற சொல் அதற்கு முன்பிருந்தே வேறு ஒரு பொருளைக் குறித்தது. அது நம் மண் உண்டியல். காசு போட மேலே ஒரு கீறல், எடுக்க வழி கிடையாது, உடைத்தால்தான் உண்டு. 1600களில் லண்டனில் தொழில் பழகும் பையன்கள் இந்த உண்டியலைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் வாடிக்கையாளர்களிடம் போவார்கள். கிறிஸ்துமஸ் வந்ததும் உடைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பச்சை மெருகு பூசிய அந்தக் காலத்து மண் உண்டியல்கள் லண்டன் மண்ணிலிருந்து எத்தனையோ கிடைத்திருக்கின்றன.

சாமுவேல் பீப்ஸ் என்ற அரசாங்க அதிகாரியின் நாட்குறிப்பில் 1663 டிசம்பர் 19 அன்று ஒரு வரி இருக்கிறது. செருப்புத் தைப்பவரிடம் போய்ப் பாக்கியை அடைத்தார், கிறிஸ்துமஸுக்காகப் பையன்களின் பெட்டியிலும் ஏதோ போட்டார். அவ்வளவுதான் வரி. ஆனால் பெட்டி யார் கையில் இருந்தது பாருங்கள். கொடுப்பவர் கையில் இல்லை.

19 டிசம்பர்

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்போர்டு அகராதி பாக்ஸிங் டே என்ற பெயருக்குத் தரும் பழைய சான்று 1743ஆம் ஆண்டுடையது. அதன் பழைய பதிப்பில் இருந்த விளக்கம் என்ன தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு அடுத்து வரும் முதல் வேலை நாள், தபால்காரர்களும் எடுபிடிப் பையன்களும் வேலையாட்களும் கிறிஸ்துமஸ் பாக்ஸ் எதிர்பார்க்கும் விடுமுறை. எஜமானர்கள் வழங்கும் நாள் என்று அது சொல்லவில்லை. எதிர்பார்க்கும் நாள் என்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு முழு விஷயமும் இருக்கிறது.

எதிர்பார்ப்பு எவ்வளவு பலமாக இருந்தது என்பதற்கு எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் சாட்சி. 1710இல் சரியாக டிசம்பர் 26 அன்று லண்டனிலிருந்து எழுதிய கடிதத்தில், இந்தக் கிறிஸ்துமஸ் பாக்ஸ்களால் நான் அழிந்தேன் என்று புலம்புகிறார். காபி கடைப் பையன்கள் ரேட்டை ஏற்றிவிட்டார்களாம். எல்லாரும் ஒரு கிரவுன், அதாவது 5 ஷில்லிங், கொடுக்கிறார்கள் என்று வெட்கத்துக்குப் பயந்து இவரும் கொடுத்தாராம். பெரிய மனிதர்களின் வாயில்காவலர்களுக்கு அரை கிரவுனாக அழுதது தனிக் கணக்கு. பீப்ஸும் 1668இல், மேளமும் எக்காளமுமாக வந்து எழுப்புகிறார்கள், இதுவும் பெட்டிகளும் என் காசைக் கரைக்கின்றன என்று எழுதியிருக்கிறார்.

இவர்களைக் கருமிகள் என்று சொல்ல வரவில்லை. மனசார வாரி வழங்கியவர்கள் இப்படிப் புலம்ப மாட்டார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

20 டிசம்பர்

"அப்படியென்றால் அது கௌரவமான பிச்சை, வேறென்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

என் அப்பா கும்பகோணத்தில் தபால்காரர். 1990களில் தீபாவளி இனாம் எங்கள் வீட்டுக்கு வந்த விதம் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. மற்றவர்கள் வாசலில் நின்று "தீபாவளி இனாம் சார்" என்று குரல் கொடுப்பார்கள். அப்பாவுக்கு அது வராது. கடிதத்தைக் கொடுத்துவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டை எடுக்காமல் ஒரு நிமிடம் நிற்பார். புரிந்தவர்கள் உள்ளே போய் இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ, காகிதத்தில் நாலு அதிரசமோ முறுக்கோ கொண்டுவருவார்கள். புரியாதவர்கள், புரியாத மாதிரி இருந்தவர்கள், கதவைச் சாத்திவிடுவார்கள்.

எட்டு வயதில் ஒருமுறை சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து நானும் போனேன். அந்தத் தெருவிலேயே அதிகத் தபால் வரும் வீடு ஒன்று. மாதப் பத்திரிகை, பதிவுத் தபால், வெளிநாட்டுக் கடிதம், எல்லாம் அந்த வீட்டுக்குத்தான். அங்கே "அடுத்த வாரம் பார்க்கலாம்ப்பா" என்றார்கள். தெருக்கோடியில் முதியோர் உதவித்தொகை மணியார்டர் வாங்கும் பாட்டி ஒருவர். தீபாவளிக்கு முந்தின மணியார்டரில் கைநாட்டு வைத்துப் பணத்தை வாங்கியதும், அதிலிருந்தே இரண்டு ரூபாயை எடுத்து அப்பா பையில் திணித்தார். அப்பா வேண்டாம் என்றார். "வருஷம் பூரா வெயில்ல வரேல்ல, இது ஒனக்கு வர வேண்டியது" என்றார் பாட்டி.

வர வேண்டியது. அந்தப் பாட்டிக்குத் தானம் வேறு, இனாம் வேறு என்று தெரிந்திருந்தது. பாக்ஸிங் டேயைப் பற்றி நான் இங்கே படித்ததை எல்லாம் அந்தச் சொல்லை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். மாதச் சம்பளம் முதலாளி கொடுப்பது. ஆனால் வேலையின் பலன் போகும் வீடு வேறு. அந்த வீடு வருடத்துக்கு ஒருமுறை நேராக நன்றி சொல்ல வேண்டும் என்ற கணக்கு அது.

இதில் எனக்கே ஒரு நெருடல் உண்டு, மறைக்கவில்லை. இருப்பதிலேயே குறைவாக இருந்தவர்தான் கொடுத்தார். அப்பா வாங்கியிருக்கக் கூடாது என்று கல்லூரி நாட்களில் சண்டைகூட போட்டிருக்கிறேன். வாங்காவிட்டால் அந்தப் பாட்டிக்கு அவமானமாக இருந்திருக்கும் என்று அம்மா சொன்னார். இன்றைக்கு அம்மா சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. நாளைக்கு எப்படித் தோன்றுமோ.

21 டிசம்பர்

தேதிக்கு இன்னொரு காரணம் இருக்கிறதே என்று ஞாபகப்படுத்தியவருக்கு நன்றி. டிசம்பர் 26 புனித ஸ்டீபன் நாள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அவர் முடியப்பர். ஸ்டீபன் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் முடி, மகுடம் என்று பொருள், அதை அப்படியே அழகாகத் தமிழாக்கியிருக்கிறார்கள். சீர்திருத்த சபைக்காரர்களுக்கு ஸ்தேவான். கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்.

ஆனால் அவர் எப்படி வேதாகமக் கதைக்குள் வருகிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம். எருசலேம் சபையில் அன்றாடம் உணவு பங்கிடுகிறார்கள். கிரேக்க மொழி பேசிய யூதர்களின் விதவைகளுக்குச் சரியாகப் பங்கு போகவில்லை. அவர்கள் "முறுமுறுத்தார்கள்" என்கிறது பழைய தமிழ் வேதாகமம். அந்த முறுமுறுப்பைத் தீர்க்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பட்டியலில் முதல் பெயர் ஸ்தேவான். பந்தியில் ஒழுங்காகப் பரிமாற வந்தவர் அவர். இவருடைய நாளில் கோயில் உண்டியலைத் திறந்து ஏழைகளுக்குப் பங்கிட்டதால் பாக்ஸிங் டே என்று பெயர் வந்தது என்பது பலர் சொல்லும் விளக்கம். பெயருக்கு உண்டியல் பையன்கள்தான் காரணம் என்று நான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் நாளுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். முறையீட்டில் தொடங்கிய ஆள்.

22 டிசம்பர்

வார்டில் இன்று கிறிஸ்துமஸ் கேரல் பாட வந்தவர்கள் நல்ல அரசன் வென்செஸ்லாஸ் பாட்டைப் பாடினார்கள். ஸ்டீபன் நாளில் நடக்கும் கதை அது. வெளியே பனி. விறகு பொறுக்கும் ஏழையை ஓர் அரசன் ஜன்னலில் இருந்து பார்க்கிறான். உணவும் விறகும் எடுத்துக்கொண்டு, எடுபிடிப் பையனோடு தானே நடந்து போகிறான். பையனால் நடக்க முடியாமல் போகும்போது அரசனின் காலடித் தடத்தில் கால் வைத்துத் தொடர்கிறான். ஜான் மேசன் நீல் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதி 1853இல் வெளியானது. மெட்டு அதைவிடப் பழையது, 1582இல் அச்சான ஒரு தொகுப்பில் வசந்த காலப் பாட்டாக இருந்தது. பூ பூக்கும் காலத்து மெட்டில் பனியைப் பாடுகிறார்கள்!

மூன்றாம் படுக்கையில் இருந்த தாத்தா மூச்சிரைப்போடு கூடவே பாடினார். ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்யப் போனவள் பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றேன்.

22 டிசம்பர், பிறகு

திருத்தம். வென்செஸ்லாஸ் அரசன் இல்லை, பொஹீமியாவின் சிற்றரசர், அதாவது டியூக். 935இல் சொந்தத் தம்பியின் ஆட்களால் கொல்லப்பட்டவர். இன்றைய செக் நாட்டின் காவல் புனிதர். பாட்டுதான் அவரை அரசன் என்கிறது.

23 டிசம்பர்

விடுமுறைச் சட்டம் பற்றிக் கேட்டவருக்கு: 1871இல் நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜான் லபக் கொண்டுவந்த வங்கி விடுமுறைச் சட்டத்தில்தான் டிசம்பர் 26 இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்துக்கு விடுமுறை ஆனது. அதில் ஈஸ்டர் திங்கள், விட் திங்கள் (பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு மறுநாள்), ஆகஸ்ட் முதல் திங்கள், இந்த நாள், ஆக நான்கு. கிறிஸ்துமஸ் அதில் கிடையாது! ஏன் என்று யோசித்தால் எளிது, கிறிஸ்துமஸும் புனித வெள்ளியும் ஏற்கெனவே வழக்கத்தால் விடுமுறை. ஸ்காட்லாந்து வேறு கதை. அங்கே புத்தாண்டுதான் பெரிது, டிசம்பர் 26 வங்கி விடுமுறையானது 1974இல்தான்.

தென்னாப்பிரிக்காவில் பெயரையே மாற்றி நல்லெண்ண நாள் என்று வைத்தார்கள். நல்ல பெயர்தான். ஆனால் உண்டியல் உடையும் சத்தம் அதில் இல்லை.

24 டிசம்பர்

நாளை இரவு ஷிஃப்ட் எனக்கு. 26 காலையில் வந்து எழுதுகிறேன்.

26 டிசம்பர், காலை

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். தூக்கம் வரவில்லை.

இந்தத் தேதியைப் பற்றி ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒன்றை மட்டும் எழுதாமல் தள்ளிப்போட்டேன். இங்கே ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே பாக்ஸிங் டே சுனாமி. இன்றோடு 20 வருடம்.

2004இல் நான் தஞ்சாவூரில் நர்சிங் மாணவி. ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். இலங்கையில் 30,000க்கு மேல். மூன்றாம் நாள் எங்களைப் பஸ்ஸில் நாகைக்குக் கூட்டிப்போனார்கள், காயங்களுக்குக் கட்டுப்போட. அங்கே பார்த்ததில் பலவற்றை எழுத மாட்டேன். ஒன்றை எழுதுகிறேன். சாலையோரம் முழுக்கத் துணிக் குவியல். எங்கெங்கிருந்தோ லாரிகளில் வந்த பழைய துணி. கிழிந்த சட்டை, ஒற்றைச் செருப்பு, நாகையில் யாரும் போட முடியாத கம்பளிக் கோட்டு. அதை யாரும் தொடவில்லை. கையில் நான் கட்டுப்போட்ட ஓர் அம்மா குவியலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்களுக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கல கண்ணு." அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ஸ்டவ்வும் இரண்டு சமையல் பாத்திரமும்.

முதல் கேள்வியில் இருந்த வாட்ஸ்அப் கதை என்னை ஏன் இவ்வளவு தொந்தரவு செய்தது என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது. மிஞ்சியதைப் பெட்டியில் கட்டிக் கொடுப்பது. அதைப் பெரிய மனசு என்று கொண்டாடுவது.

அன்றைக்கு நல்லபடியாகக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். இந்த நாட்டில் விடுமுறையில் இருந்த சாதாரண ஜனங்கள் டிவியைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பினார்கள். தொண்டு அமைப்புகள் சேர்ந்து நடத்திய அந்த ஒரு திரட்டலில் சேர்ந்தது 39 கோடி பவுண்டுக்கு மேல். என் வார்டில் பழைய நர்ஸ் ஒருவர் அந்த வருடம் தன் கிறிஸ்துமஸ் பரிசுப் பணம் முழுவதையும் அனுப்பியிருக்கிறார். நான் நாகையில் இருந்தேன் என்று அவரிடம் சொன்னபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

27 டிசம்பர்

நேற்று எழுதியதற்கு வந்த செய்திகளை எல்லாம் படித்தேன். இன்று வேறு பக்கம் போகிறேன்.

எங்கள் ஊருக்கு இந்த நாளில் ஒரு பெருமை உண்டு. 1860 டிசம்பர் 26, சாண்டிகேட் மைதானம். ஷெஃபீல்டு அணியும் ஹாலம் அணியும் ஆடியதுதான் உலகத்தில் இரண்டு கால்பந்து கிளப்கள் மோதிய முதல் ஆட்டம். ஷெஃபீல்டு 2-0. மைதானம் இன்னும் இருக்கிறது, இன்னும் ஆடுகிறார்கள். நேற்று மாலை தூங்கி எழுந்து அந்தப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்த ஆட்டம் வேறு. 1920 டிசம்பர் 26, லிவர்பூல், குடிசன் பார்க். டிக், கெர் லேடீஸ் என்று ஒரு பெண்கள் அணி. பிரெஸ்டன் ஊரில் முதல் உலகப் போருக்கு வெடிகுண்டு செய்த தொழிற்சாலைப் பெண்கள். எதிரணி செயின்ட் ஹெலன்ஸ் லேடீஸ். உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் பல ஆயிரம். 3,000 பவுண்டுக்கு மேல் வசூல், போரில் அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்காக. இந்தப் பெண்கள் 1917 கிறிஸ்துமஸ் அன்றே காயப்பட்டவர்களின் மருத்துவமனைக்காக ஆடிப் பணம் திரட்டியவர்கள். பாக்ஸிங் டேயின் உண்டியலை இவர்களைவிடப் பெரிதாக யார் தூக்கினார்கள்?

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கிளப்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் இல்லை என்றது ஒரு காரணம். வசூலில் தர்மத்துக்குப் போவது போதவில்லை, செலவுக்குத்தான் அதிகம் போகிறது என்றது இன்னொன்று. தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து ஆடியவர்களின் பஸ் கட்டணத்தைக் கணக்குப் பார்த்தார்கள்! ஏறக்குறைய 50 வருடம் அந்தத் தடை நீடித்தது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

28 டிசம்பர்

அயர்லாந்தில் இந்த நாளை ரென் நாள் என்றும் சொல்வார்கள். ரென் என்பது கட்டைவிரல் அளவுக் குருவி. யார் உயரப் பறக்கிறாரோ அவரே பறவைகளின் அரசன் என்று போட்டி வைத்தபோது, கழுகின் இறகுக்குள் ஒளிந்துகொண்டு, கழுகு களைத்த இடத்திலிருந்து ஒரு முழம் மேலே பறந்து ஜெயித்ததாம். முன்பெல்லாம் அந்தக் குருவியைக் கொன்று கம்பில் கட்டி வீடுவீடாகப் பாடிக் காசு வாங்குவார்கள். இப்போது பொம்மைக் குருவிதான். வைக்கோல் உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு டிங்கிள் ஊரில் இன்றும் பெரிய ஊர்வலம் போகிறார்கள். எங்கள் வார்டில் ஐரிஷ் நர்ஸ் ஒருத்தி, சின்ன வயதில் வைக்கோல் கழுத்தில் குத்திக் குத்தி அழுததைச் சொல்லிச் சிரித்தாள். காசு கேட்டு வாசலுக்குப் போவதில் அவளுக்குத் துளி வெட்கமும் இருந்ததில்லை. பாடினோம், வாங்கினோம் என்றாள். அவ்வளவு சுலபமாக அப்பாவால் இருந்திருக்க முடிந்தால்!

இதைப் படித்த என் தம்பி, மெல்போர்ன் கிரிக்கெட் டெஸ்ட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்கிறான். சரி, எழுதுகிறேன். நம் ஆட்களுக்கு பாக்ஸிங் டே என்றதும் ஞாபகம் வருவது அதுதான். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். நடுவர் டேரல் ஹேர், பந்தை எறிகிறார் என்று சொல்லி, இலங்கையின் முத்தையா முரளிதரனின் பந்தை ஏழு முறை நோபால் என்றார். அன்று எங்கள் தெருவில் ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த முரளி டெஸ்ட்டில் 800 விக்கெட்டோடு முடித்தார். தம்பி, போதுமா?

30 டிசம்பர்

"இப்போது அது தள்ளுபடி விற்பனை நாள், அவ்வளவுதான்" என்பவருக்கு. ஆமாம், அதுதான் எனக்கும் வருத்தம். இங்கே பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. 26ஆம் தேதிக்கு அப்படி எதுவும் கிடையாது. விடியற்காலையிலேயே வரிசை நிற்கும். அப்படியானால் கல்லாவில் உட்காருபவர் 25 இரவே சீக்கிரம் தூங்கப் போக வேண்டும். அன்றும் மூடுங்கள் என்று 2016இல் லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். நாடாளுமன்றத்தில் பேசினார்கள், சட்டம் வரவில்லை.

நர்ஸ் வேலையில் விடுமுறை கேட்க முடியாது, அது தெரிந்துதான் வந்தேன். ஆனால் யாருக்காக இந்த நாள் விடுமுறையானதோ, அந்த ஆட்களையே இதில் வேலைக்கு நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் 26ஆம் தேதி எதுவும் வாங்குவதில்லை.

2 ஜனவரி 2025

அப்பாவுக்கு இந்த இழை முழுவதையும் தம்பி வாசித்துக் காட்டியிருக்கிறான். நேற்று புத்தாண்டு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது வாழ்த்தை விட்டுவிட்டு நேராக இதற்கு வந்தார். மணியார்டர் பாட்டி கொடுத்தது இரண்டு ரூபாய் இல்லையாம், ஐந்து ரூபாயாம். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று அன்று குறைத்துச் சொன்னாராம். "அந்தம்மா கணக்கைக் கொறச்சு எழுதிட்டியே, மாத்திடு" என்றார்.

20ஆம் தேதிக் குறிப்பில் இரண்டு என்று இருப்பதை ஐந்து என்று படித்துக்கொள்ளுங்கள்.